பிரஸ் ஷாப்பில் சேர்ந்த பாடகி

“கதை, கவிதை முதலான இலக்கியப் படைப்புகளை வெளியிட ஊழியர் எவரும் முன் அனுமதி பெற வேண்டியதில்லை.” கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் பணியாளர் அதிகாரியாக இருந்த தொழிற்சாலையின் நடத்தை விதிகளில் இப்படி ஒரு வரி இருந்தது. இருபத்திரண்டாம் பக்கம், மூன்றாவது பத்தி. புத்தகத்தைத் திறக்காமலே பக்கம் சொல்லக்கூடியவன் என்று எனக்குப் பெயர். அந்த வரியைக் கோப்பில் எடுத்தெழுதிக் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் அதை எழுதவில்லை.

மூன்று இருநூறு பக்க நோட்டுகள், ஒரு ரப்பர் பேண்டு, மேலே ஒரு விண்ணப்பம். முதல் நோட்டின் அட்டையில் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. கொண்டுவந்தவர், பாட்டில் மூடி அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஆபரேட்டர் அம்மா. அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். வயல் தொழிற்பேட்டையானபோது மகள் மெஷினுக்கு வந்தார். இடையில் எப்போது நாவல் எழுத ஆரம்பித்தார் என்று யாருக்கும் தெரியாது.

கதை இதுதான். ஊரே அறிந்த ஒரு பாடகி. பெயரை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார். பாடகிக்குக் குரல் போய்விடுகிறது. யார் கண்ணிலும் படாமல் இருக்க ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்கிறார். ஏன் பிரஸ் ஷாப் என்பதில்தான் இந்த அம்மாவின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. அங்கே இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை. இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. காலரைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். கண்ணுக்கு மேல் விரலால் வட்டம் போட்டால் மூக்குக் கண்ணாடி போட்ட அதிகாரி, அதாவது என் நாற்காலி. குரல் இல்லாத ஒருவர் குறையில்லாமல் வாழக்கூடிய இடம் அது ஒன்றுதான். புதிதாக வந்தவருக்கு மற்றப் பெண்கள் ஒரு சைகைப் பெயர் வைக்கிறார்கள்: தொண்டையில் உள்ளங்கை. அவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டு மட்டும் டீ நேரத்தில் எல்லார் செல்போனிலும் ஓடுகிறது.

கேண்டீன் சாப்பாட்டைப் பற்றி வாட்ஸப்பில் எழுதிய ஒருவருக்கு அப்போதுதான் மெமோ கொடுத்திருந்தோம். அந்தப் பயத்தில் அம்மா அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டார். செய்த ஒரே தவறு அது. கேட்காமல் அச்சடித்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். விண்ணப்பம் என்று ஒன்று உள்ளே வந்தால் கோப்பு திறக்க வேண்டும், கோப்பு திறந்தால் யாராவது ஏதாவது எழுத வேண்டும். திருவள்ளூரில் ஓர் அச்சகக்காரர் புத்தகமாகப் போட்டுத்தர ஒத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் அவசரம்னு நெனைக்காதீங்க,” என்றார் அம்மா. “வருசா வருசம் காது டெஸ்ட்டு எடுக்குறீங்களே, அதுல எடது காது போயிட்ச்சி. வலதும் போய்க்கினேகீது. முழுசாப் போறதுக்குள்ள புக்கு வந்துட்டா, எம் பொண்ணு படிக்க நான் ஒரு தபா கேட்டுருவேன்.”

அவரோடு வந்திருந்த பக்கத்து மெஷின்காரி கதவில் சாய்ந்துகொண்டு, “பாட்டுக்காரியை மூணு ஷிப்ட்டும் ஓட வுட்டுக்கீதாம் சார் இது. ஓவர்டைம் குடுத்தியாக்கா?” என்றார்.

“குடுத்தேன். அவ உன்ன மாதிரி மூடிப் பெட்டி மேல சாஞ்சிக்கினு தூங்கல.”

நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். இரண்டாம் நோட்டின் நடுவில் வேலை கேட்டு வரும் பாடகியிடம் ஓர் அதிகாரி பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார். முன் அனுபவச் சான்றிதழ் கேட்கிறார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, “இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது” என்கிறார். வேறு என்ன தெரியும் என்று கேட்கிறார். நாடே கேட்ட குரலின் சொந்தக்காரி, ஒன்றும் தெரியாது என்று தலையாட்டுகிறார். அதிகாரி அதைப் படிவத்தில் எழுதிக்கொள்கிறார்.

நன்றாக எழுதப்பட்ட பக்கங்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மறுநாள் பொது மேலாளர், “உயிரோடு இருக்கிறவங்களைக் கதையில் போடலாமா?” என்று கேட்டார். போடலாம், நம் விதிப்படி அனுமதியே வேண்டாம் என்பதுதான் சரியான பதில். நான் எழுதியது: “சம்பந்தப்பட்ட பாடகியின் எழுத்துபூர்வமான ஒப்புதலைப் பெற்ற பின் பரிசீலிக்கலாம்.” என்னைப் பற்றி எழுத என் ஒப்புதல் பெறவில்லை என்று கோப்பில் எழுத முடியாது அல்லவா? அதனால் பாடகியின் மானத்தை நான் காப்பாற்றினேன்.

அம்மா அதைப் படித்தார். “அவங்க என் கதையில வர்ற பொம்பள சார். நெசமான அவங்களுக்குத் தொண்ட நல்லாத்தானே கீது? அவங்ககிட்ட போயி இன்னான்னு கேக்கறது?”

“இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறதம்மா,” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாயில் வந்தது எந்த வரி என்று உறைத்தது. அம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். ஒப்புகை அட்டை வந்தது, யாரோ கிறுக்கிய கையெழுத்துடன். பதில் வரவில்லை. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், மூன்றாம் நினைவூட்டல். எல்லாவற்றிலும் கோப்பு எண்கள் சரியாக இருந்தன. அச்சகக்காரர் காத்திருந்து பார்த்து வேறு வேலைக்குப் போய்விட்டார். அம்மா ஓய்வு பெற்ற அன்று பூமாலையும் கைதட்டலும் முடிந்ததும் மூன்று நோட்டுகளையும் என்னிடம் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் பேசியதைக் கேட்க வலது காதை என் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

இப்போது நானும் ஓய்வு. திருநின்றவூரில் ஃபிளாட், பக்கத்தில் நூலகம். அங்கே ஒரு வருடமாக நாவல்களாகப் படிக்கிறேன். மன்னர்கள், தலைவர்கள், மேடையில் பாடியவர்கள், கடவுள்கள் என யாரை வேண்டுமானாலும் எழுத்தாளர்கள் இழுத்துவந்து சோறு சமைக்க வைக்கிறார்கள், காதலிக்க வைக்கிறார்கள், அழ வைக்கிறார்கள். ஒரு புத்தகத்திலும் ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட்டிருக்கவில்லை. புகழ்பெற்ற குரல் அதன் சொந்தக்காரரிடமிருந்து எப்போதோ பிரிந்துபோய்விடுகிறது. பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் செல்போனிலும் கேட்டவர்கள் ஆளுக்கொரு பாடகியைச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா செய்து வைத்திருந்தவர் மூடி அடித்தார். அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓய்வூதியம் தேவைப்பட்டது.

அம்மா மகளோடு வேப்பம்பட்டில் இருப்பதாகப் பழைய பக்கத்து மெஷின்காரி மூலம் தெரிந்தது. ரயிலில் அடுத்த ஸ்டேஷன்தான். போகத் துணிவில்லாமல் கடிதம் எழுதினேன். அனுமதி தேவையே இல்லை, விதி இருபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, தெரிந்தேதான் அதை எழுதாமல் விட்டேன் என்று எழுதினேன். இரண்டாம் நோட்டில் வரும் அதிகாரியாக நான் இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

இரண்டு மாதம் பதிலில்லை. மூன்றாம் மாதம் ஒரு நீல உறை வந்தது. உள்ளே அம்மாவின் கையெழுத்தில் ஒரே பக்கம்.

“ஐயா, வணக்கம். அந்த அதிகாரி நீங்கள் இல்லை. நீங்கள் எங்கள் தொழிற்சாலைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பக்கங்களை எழுதிவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லோரும் கண்ணாடி துடைத்தார்கள், எல்லோரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். உங்கள் கடிதம் கிடைத்த பிறகு கடைசியில் ஒரு புது அத்தியாயம் சேர்த்திருக்கிறேன். அதில் ஓர் அதிகாரி, பாடகியிடம் பாடகியைப் பற்றி எழுத ஒப்புதல் கேட்டுக் கடிதம் போடுகிறார். அவர் நீங்கள்தான். புத்தகம் அச்சுக்குப் போகிறது. வலது காது இன்னும் கொஞ்சம் கேட்கிறது. ஆகவே ஆட்சேபணை ஏதும் இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும். தவறினால் ஒப்புதல் அளித்ததாகக் கருதப்படும்.”

பழக்கம் விடவில்லை. பேனாவை எடுத்து மூலையில் ‘பெறப்பட்டது’ என்று எழுதி, கீழே தேதி போட்டேன்: செப்டம்பர் மூன்று, செவ்வாய்க்கிழமை.