மூடும் மணி அடிக்கவில்லை

தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முழுக்க அவள் பார்த்த வேலை, ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பேய் வீட்டில் பேயாக நிற்பது. சிரிக்காதீர்கள், நின்று பார்த்தால் தெரியும். ஒட்டடை பிடித்த பொந்துக்குள் சவரி முடியும் வெள்ளைத் துணியுமாக ஒளிந்திருந்து, ஆட்கள் ஏறி வரும் வண்டி தண்டவாளத்தில் திரும்பும்போது பாய்ந்து அலற வேண்டும். ராட்டினம் ஓட்டுகிறவர்கள் பேயக்கா என்று கூப்பிட்டார்கள். தொண்டை கட்டி வீட்டுக்குப் போனால், “சண்டை போடலாம்னு பார்த்தா உனக்குக் குரலே இல்லையே” என்று புருஷன் கிண்டலடிப்பான்.

பேய் வீட்டுக்கு இரண்டே விதி. வந்தவர்களைத் தொடக் கூடாது. மூடும் மணி அடிக்கும்வரை பொந்தை விட்டு இறங்கக் கூடாது. இருட்டில் வண்டி மோதினால் தொலைந்தாள். இரண்டையும் அவள் மீறியதில்லை. அதுவே வினையாகிப் போனது.

ஒருநாள் மத்தியானம் முதலாளி எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டு, இன்றோடு சரி என்று சொல்லிப் பூங்காவை இழுத்துப் பூட்டினார். பேய் வீட்டு மணியை அடிக்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. உள்ளே இவள் அடுத்த வண்டிக்காக நிற்கிறாள்! கூட்டம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாளாம். கரண்டு போன பிறகுதான் பயந்து கத்தினாள். பேய் வீட்டுக்குள் அலறல் கேட்டால் எவன் வருவான்? மறுநாள் சாமான் ஏற்ற வந்த லாரிக்காரர்தான் கதவைத் திறந்துவிட்டார். முதலாளி, பாவி மனுஷன், ஏனென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வருஷங்கள் ஓடின. பாழடைந்த இடங்களைச் சுற்றிப் பார்க்கும் மோகம் வந்தது. புதர் மண்டிய பூங்காவுக்குக் கேமராவோடு ஆட்கள் வர, முதலாளியே வழிகாட்டியாகக் கிளம்பிவிட்டார். பேயக்காவின் மகள் அப்படி எடுத்த ஒரு வீடியோவைப் போனில் காட்டினாள். பொந்துக்குள் டார்ச் அடித்து அவர் சொல்கிறார்: “இங்க ஒரு பொம்மை இருந்துச்சு. வெளிநாட்டு மெஷின். உள்ள மனுஷங்களே கிடையாது.”

பேயக்காவுக்குக் கோபம் உச்சி வரை ஏறியது.

“விடும்மா, சொல்லிட்டுப் போறார்” என்றாள் மகள்.

“என்னத்தடி விடறது? உன்னைப் படிக்க வச்ச தொண்டை இது! நான் இருந்தேன்னு அந்த ஆள் வாயாலயே சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கத் தகரத்தை விலக்கி உள்ளே போனாள். தன் பொந்தில் ஏறி நின்றாள். முதலாளி ஒரு கும்பலோடு வந்து சேர்ந்தார்.

“இங்கதான் அந்தப் பொம்மை…”

பாய்ந்து ஓர் அலறல் அலறினாள் பாருங்கள்! ஒருவன் கேமராவையே கீழே போட்டுவிட்டான். ஓடப் பார்த்த முதலாளியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

“தொடக் கூடாதுன்னு சொல்லுவீங்களே, தொட்டுட்டேன். பொம்மைக் கை இப்படிச் சுடுமா சார்?”

“அய்யோ… நீயா? இன்னும் இங்கயா?”

“மணி அடிக்கலையே சார். எப்படி இறங்குவேன்?”

எல்லா டார்ச்சும் அவர் முகத்துக்குத் திரும்பின.

“யாரு இருந்தாங்கன்னு இவங்ககிட்ட சொல்லுங்க. அப்பறம் போய் மணிய அடிங்க.”

“பொம்மை இல்லீங்க” என்றார் குனிந்தபடி. “இந்த அம்மாதான். உள்ள இருக்காங்கன்னு பார்க்காமப் பூட்டிட்டேன்.”

கையை விட்டாள். அவர் முன்னால் நடக்க, கும்பல் பின்னாலேயே போனது. இருட்டில் தனியாக நின்றாள். வாசலில் துருப்பிடித்த மணி கரகரவென்று அடித்தது. பேயக்கா பொந்தை விட்டு இறங்கினாள்.