சம்பந்தியைத் திட்டாத வாய்

மரம் வெட்டும் கூப்பில் அவருக்குச் சைரன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் வெளியே வரும். ரம்பம் பிடிக்கும் எவரையும் அவர் திட்டாமல் விட்டதில்லை. மரம் விழவேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் வெட்டிவிட்டு, பின்பக்கமிருந்து அறுத்து வரும்போது நடுவில் கொஞ்சம் கனத்தை அறுக்காமல் விட்டுவைக்க வேண்டும். அதுதான் மரத்தைப் பிடித்துச் சொன்ன இடத்தில் படுக்கவைக்கும். அதை யாராவது அசட்டையாக அறுத்துத் தள்ளினால் தீர்ந்தது. சைரன் போடும் சத்தத்தில் அடுத்த மலைக்காரனும் வேலையை நிறுத்திவிடுவான்.

இந்த வாய்க்கு ஒரே ஒருவர் விஷயத்தில் பூட்டு விழுந்தது. கூடவே வேலை பார்க்கும் கூட்டாளிதான். வருஷக்கணக்காக வாடா போடா என்று பழகியவர்கள். போன வருஷம் சைரனின் மகள் கூட்டாளியின் மகனைக் கட்டிக்கொண்டாள். பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே! அன்றிலிருந்து அவர் "சம்பந்தி" ஆனார், சைரன் சாது ஆனார்.

சம்பந்திக்கோ ஒரு கெட்ட பழக்கம். மரம் சாயத் தொடங்கியதும் பின்பக்கம் கோணலாக விலகி ஓட வேண்டும். அதற்காகத்தான் முன்கூட்டியே புதர் வெட்டி வழி செய்துவைப்பது. அவர் மட்டும் அடிமரத்தருகே நின்று, தானே பெற்ற பிள்ளைபோல அண்ணாந்து ரசிப்பார். முன்பெல்லாம் சைரன் சட்டையைப் பிடித்து இழுத்து வருவார். இப்போது, "வெயில்ல நிக்கிறீங்களே சம்பந்தி, இப்படி நிழலுக்கு வாங்களேன்" என்பார். அந்தக் காட்டில் வெயிலை விளக்கு வைத்துத் தேட வேண்டும்.

அன்று அறுத்த மரம் பாதி சாய்ந்து, பக்கத்து மரத்தின் கவட்டையில் மாட்டிக்கொண்டது. மாட்டிய மரத்துக்கு அடியில் ஈ காக்கை போகக்கூடாது. டிராக்டரில் கம்பிவடம் கட்டி, எட்ட நின்று இழுக்க வேண்டும். டிராக்டர் வர நேரமாகும் என்று சம்பந்தி, தாங்கி நின்ற மரத்தையே அறுக்கக் கிளம்பிவிட்டார். தொங்கும் மரத்துக்கு நேர் கீழே போய், மோட்டார் ரம்பத்தைக் கிளப்பும் கயிற்றை இழுக்கக் குனிந்தார்.

சைரன் கத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தி, தப்பா நினைக்கலேன்னா, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வந்துட்டுப் போறீங்களா?"

"இதோ, முடிச்சுட்டு வரேன் சம்பந்தி."

மேலே நறநறவென்று சத்தம் கேட்டது.

"அட முட்டாப்பயலே! வெளியே வாடா!"

சம்பந்தியின் மூளைக்கு எட்டுவதற்கு முன்பே கால்களுக்கு அந்தக் குரல் எட்டிவிட்டது. ரம்பத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். மரம் இறங்கியது. தூசி அடங்கியபோது ரம்பம் சப்பையாகிக் கிடந்தது.

சைரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி, அவசரத்துல வாயி..."

"நேத்தும் மரத்தடியிலதானே நின்னேன்? அப்ப ஏன் திட்டல?" சம்பந்தி சப்பையான ரம்பத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"பொண்ணு உங்க வீட்ல இருக்கா. நான் ஒண்ணு சொல்லி, அது அவ தலையில விடிஞ்சா..."

"போடா, ஊர்ல இல்லாத பொண்ணைப் பெத்தவன்! தினமும் வாசல்வரைக்கும் வந்து அவ என்ன சொல்லி அனுப்புறா தெரியுமா? 'எங்கப்பா உங்களைத் திட்டிக்கிட்டே இருப்பாரு மாமா, அந்த தைரியத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன்'னு சொல்றா."

சைரன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மலையையே எழுப்பும் அந்த மனிதர் சத்தம் வராமல் அழுதார்.