பிடில் வாசிக்க மறுத்த நண்டு

மீன்தொட்டிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பவர்கள், மீதிப் பேர் செத்த மீனுக்கு நியாயம் கேட்பவர்கள். இதே தொழிலில் இருந்து நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாத்தளையில் என் கடையின் மறுபாதியில் கூட்டாளி ரியாஸ் போன் கவர் விற்கிறான். புத்தளத்து மீனவர் ஒருவரிடம் பிடில் நண்டுகள் வாங்கி வந்து வாசல் கண்ணாடியோரம் வைத்தேன். அந்த இடத்தின் மேல் ரியாஸுக்கு வெகுநாள் கண். இது பிடில் வாசிக்குமா என்று அவன் நக்கலடித்தபோது, பெயருக்கு ஏற்றபடி வெள்ளிக்கிழமைக்குள் அவை பிடில் வாசிக்காவிட்டால் இடத்தை எடுத்துக்கொள் என்று வாயை விட்டுவிட்டேன்.

வீங்கிய கை

இரத்தோட்டையிலிருந்து வந்த ஓர் அக்கா, நண்டின் ஒரு கை மட்டும் வீங்கியிருப்பதாகப் பரிதாபப்பட்டார். ஆண் நண்டுக்கு அது இயற்கையிலேயே அப்படித்தான், பெண் நண்டைக் கூப்பிட அதை ஆட்டும், சாப்பிடுவது சின்னக் கையால்தான் என்றேன்.

"அப்ப பெரிய கை சும்மா பந்தாவுக்கா? எங்க வீட்டுக்காரரு மாதிரிதாங்க."

டீச்சரின் தீர்ப்பு

வியாழக்கிழமை, வயலின் கற்பிக்கும் யாழ்ப்பாணத்து டீச்சரைத் தீர்ப்புச் சொல்ல நானே அழைத்து வந்தேன். அவர் அரை மணி நேரம் பொறுமையாக நின்றார். நண்டுகளோ காற்றுக் குழாயில் தொற்றிக்கொண்டு மேலே ஏறுவதிலேயே குறியாக இருந்தன. ரியாஸ் பக்கத்தில் நின்று சிரித்தான். எனக்கு மானம் போயிற்று.

"இது வாசிக்கிற மாதிரித் தெரியேல்ல. தண்ணிக்குள்ள இருந்து தப்பி ஓடப் பாக்குது."

வாளிச் சேறு

டீச்சர் சொன்னது மண்டையில் உறைத்தது. மீன் விற்றே பழகியவன், தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தேன். நண்டோடு வந்த சேற்றையும் அழுக்கென்று வாளியோடு கொல்லைப்புறம் தள்ளியிருந்தேன். உடனே புத்தளத்து மீனவருக்குப் போன் போட்டேன்.

"அது மீனில்லங்க. தண்ணி வடிஞ்ச சேத்துலதான் மேயும்."

வெள்ளிக்கிழமை

தண்ணீரை இறைத்து, சேற்றைச் சரிவாகக் கொட்டி, ஒரு மூலையில் மட்டும் உப்புத் தண்ணீர் விட்டேன். ஜும்மா முடிந்து ரியாஸ் அளவு நாடாவோடு வந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு சேற்றில் ஏறியது. பெரிய கையை நெஞ்சுக்கு முன்னால் அசையாமல் பிடித்தது. சின்னக் கையால் சேற்றைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனது, திரும்ப இறக்கியது, மறுபடி வாய்க்கு. பிடிலின் மேல் வில் போய்வருவது போலவே இருந்தது. சத்தமில்லாமலே இந்தப் பெயர் எப்படி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. தெருவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை. ரியாஸ் நாடாவைச் சுருட்டினான்.

"தொட்டி இங்கயே இருக்கட்டும் மச்சான். கொஞ்சம் தள்ளி நில்லு, எனக்கும் பாக்கணும்."

இருபது வருடமாகத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கிடைக்காத பேர், ஒரு தடவை இறைத்ததில் கிடைத்துவிட்டது.