நெல்லித்தோப்பின் உயிர்ச்சாந்துச் சுவர்

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கரையேறி, வீடுகளுக்குள் தண்ணீர் நின்று, அந்தச் சேற்றையெல்லாம் கழுவி முடித்த பிறகு வந்த கோடைக்காலம் அது. தவளக்குப்பத்து உறவுக்காரர் ஒருவர் ஒரு சாவுக்காகக் காரைக்கால் வந்தார். நெல்லித்தோப்பில் உயிர்ச்சாந்து பூசிய வீட்டை இடிக்கப் பேச்சு நடக்கிறது என்றார். அந்தச் சுவரில் என் கையும் இருக்கிறது. இடிப்பதற்குள் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்போனில் தட்டுகிறாள்; ஞாபகம் மட்டும் என்னுடையது.

உயிர்ச்சாந்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வீராம்பட்டினம் கரையில் எப்போதாவது நீலச்சிப்பி ஒதுங்கும். அதைச் சுட்டு, கடுக்காய்த் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். ஈரம் காய்வதற்குள் வீட்டு ஆட்கள் வரிசையாக உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். வாசலிலிருந்து ஆரம்பித்து, வயதில் மூத்தவர் முதலில். கை வைத்தவர் உயிரோடு இருக்கும்வரை அந்தத் தடம் மட்டும் உடம்புச் சூட்டில் இருக்கும். எந்த ஊரில் இருந்தாலும் சரி, கடல் தாண்டிப் போனாலும் சரி. ஆள் போனால் அன்றைக்கே சில்லிட்டுவிடும்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய வருஷம் அந்தச் சுவரைப் பூசினார்கள். எனக்கும் அந்த வீட்டுப் பையன் சவரிக்கும் எட்டு வயது. நான் பக்கத்து வீடு, அவனுக்குச் சில மாதம் இளையவன். சவரியின் அப்பா, அம்மா, சவரி மூன்று பேரும் வைத்தார்கள். "பாதி நாள் இங்கதான துன்ற, நீயும் வைய்யிடா" என்று சவரியின் அப்பா என்னை இழுத்து நாலாவதாக வைக்க வைத்தார். பிறகு சவரியின் இரண்டு தங்கைகள். மொத்தம் ஆறு கை.

காரைக்காலில் காலை ஆறு மணிக்கு அரசுப் பேருந்து. நூற்று முப்பது கிலோமீட்டர், கட்டணமும் அதே நூற்று முப்பது ரூபாய்தான். வெயில் வலப்பக்கம் அடிக்கும், இடப்பக்கம் உட்காருங்கள். சிதம்பரத்தில் காபி குடிக்க நேரம் கொடுப்பார்கள். தவளக்குப்பம் சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றால் நின்றதுதான். எனக்கு அரை மணி நேரம் போனது. பத்தரைக்குப் பேருந்து நிலையம். அங்கிருந்து நெல்லித்தோப்பு நடக்கிற தூரம், என் முட்டிக்கு ஆட்டோ. எண்பது ரூபாய்.

சூடு கை வீடு என்று சொன்னால்தான் தெரியும் என்றார் ஆட்டோக்காரர். "ஆனா அந்த ஆயாகிட்ட வீட்ட எப்ப இடிக்கிறீங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க பெருசு. போன வாரம் ஒருத்தன் கேட்டு வெளக்கமாத்தால வாங்கினான்."

அந்த ஆயா, சவரியின் மனைவி லூர்துமேரி. சவரி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவன். கல்யாணம் முடித்து, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போது லீவு முடிந்து போனவன், பிறகு வரவே இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் காரைக்காலுக்குக் குடிபோய்விட்டோம்; பூசைக்கு அங்கிருந்து வந்து, கோயிலிலிருந்தே திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன்.

கதவைத் திறந்தார். பெயரைச் சொன்னேன், சவரியோடு சுவரில் கை வைத்தவன் என்றேன். கதவைப் பிடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவரு செத்துட்டாரே."

"எப்பம்மா செத்தேன்?"

"தானே புயலுக்கு அடுத்த வருசம். கை சில்லுனு ஆயிடுச்சி. நாந்தான் கோயில்ல உங்க பேருக்குப் பூசை வச்சேன்."

உள்ளே கூட்டிப்போனார். அந்தச் சுவரை என்னவென்று சொல்வது! புயல் தண்ணீர் இடுப்பளவு நின்ற வீடு. மற்ற சுவரெல்லாம் தோலுரிந்து கிடக்கிறது. இது மட்டும் முட்டை ஓட்டின் உட்புறம் போல வழவழவென்று, ஒரு கறை கிடையாது. எழுபது வருஷச் சுவர் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீர்கள். ரேகைகூட அப்படியே இருக்கிறது.

வாசலிலிருந்து மூன்றாவது கையைக் காட்டினார். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பாராம், தொட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாராம். மூலக்குளத்தில் இருக்கும் மகன் வந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். கூரை எந்த மழையிலும் விழலாம் என்று பயப்படுகிறான். இவர் நகரவில்லை.

"உசுரோட இருக்கிற மனுசன் ஒருநாள் வந்து நின்னா, பூட்டுன கதவையா பாத்துட்டுப் போவாரு?"

பக்கத்துக் கையைக் காட்டி, இதுதான் உங்களுடையது என்றார். தொட்டேன். தரை மாதிரி சில்லென்று இருந்தது. மூன்றாவதைத் தொட்டேன். என் நெற்றியைத் தொட்டது போல இருந்தது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். நாங்கள் கை வைத்தபோது வாசல் அந்தக் கோடியில், இப்போது பீரோ நிற்கிற இடத்தில் இருந்தது. லூர்துமேரி மருமகளாக வருவதற்குள் அதை அடைத்து இந்தக் கோடியில் திறந்திருக்கிறார்கள். மாமியார் பழைய கணக்கிலேயே மூன்றாவது என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். சவரி கையும் என் கையும் எட்டு வயதுப் பிள்ளைகளின் கை, அளவும் ஒன்று. நான் அந்த ஆள் இல்லை என்று சொல்லி, அவர் நம்பிக்கையைக் கலைக்காமல் திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இடிகிற கூரைக்குக் கீழே அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

"தங்கச்சி, அப்ப வாசல் அந்தக் கோடியில இருந்துச்சி" என்றேன்.

அவர் பீரோ பக்கம் போய், அங்கிருந்து ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவதில் நின்றார். அதிலிருந்து கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"அப்போ இத்தினி வருசமா நா உங்களையா திட்டிக்கிட்டு இருந்தேன்?"

"அதான் எனக்குக் காலையில காலையில பொரை ஏறுச்சி போல."

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "உங்க பேருக்கு வச்ச பூசை அவருக்குப் போய்ச் சேந்திருக்குமா அண்ணே?"

"சாமிக்கு ஆளு தெரியாதாம்மா" என்றேன்.

எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் மகனுக்குப் போன் போட்டார். சாயங்காலம் டெம்போ வந்தது. நானும் இரண்டு பாத்திரம் தூக்கி வைத்தேன்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: பொங்கல்வரை இடிக்க மாட்டோம் என்று லூர்துமேரியின் மகன் சொல்லியிருக்கிறான். சாவி எதிர் டீக்கடையில் இருக்கும், காலையில் போங்கள். சுவரைச் சுரண்டாதீர்கள், வெட்டி எடுக்கவும் முடியாது, பொடிந்துவிடும். எத்தனையோ கோட்டை, கோயில், மாதா கோயில் எல்லாம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பூச்சைப் பார்த்ததில்லை. எழுபது வருஷத்தில் அது ஒருநாளும் தப்பாகச் சொல்லவில்லை. வாசலை மாற்றியவர்கள் நாம்தான்.

போனால் எல்லாக் கையையும் தொட்டுப் பாருங்கள். அப்பா, அம்மா, சவரி, தங்கைகள் இருவர், ஐந்தும் குளிர்ந்திருக்கும். ஒன்று சூடாக இருக்கும். அது காரைக்கால் ஆரோக்கியம்.