திறக்காத ஐந்து குப்பிகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைக் ‘குலுக்கல் அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை அப்படி. இருபத்திரண்டு டிகிரியில் நிறுத்திய ஓர் அறை; அதில் நாள் முழுக்கக் குடுவைகளைச் சுழற்றிக் குலுக்கும் ஓர் இயந்திரம்; குடுவைகளுக்குள் கலங்கிய கஞ்சித் தண்ணீர் போலச் சளிப்பூஞ்சைச் செல்கள். குலுக்கல் நின்றால் செல்கள் காற்று கிடைக்காமல் அடியில் படிந்துவிடும். மின்சாரம் போனால் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான்.

“தொட்டில் ஆட்டப் போயிட்டாருய்யா” என்று கிண்டல் செய்வார்கள்.

“தொட்டிலை ஒரு வயசுல நிறுத்திடலாம். இதுங்களுக்கு வயசே ஆகாதே” என்பார் அவர்.

பள்ளிப் படிப்போடு கண்ணாடி கழுவ வந்தவர். இருபத்தாறு வருடத்தில், படித்தவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டார். சளிப்பூஞ்சை என்பது பேருக்குத்தான் பூஞ்சை. ஈர மண்ணில் பாக்டீரியாவைத் தின்று தனித்தனியாகத் திரியும் ஒற்றைச் செல்கள் அவை. புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் விளக்கம் சுருக்கமானது: “சாப்பாடு இருக்கிற வரைக்கும் ஒண்ணை ஒண்ணு ஏறெடுத்தும் பாக்காது. பட்டினி கிடந்தா கூடிக்கும்.”

பட்டினி வந்தால் செல்கள் ஒன்றையொன்று தேடி வந்து, ஆயிரக்கணக்கில் ஒட்டி, ஒரே உடம்பாகிவிடும். ஒட்டவைப்பது மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள். ஒரு செல்லின் புரதம் அடுத்த செல்லின் புரதத்தைக் கைகோத்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். பட்டினியின் தொடக்கத்தில் வரும் பிடிக்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தைப் பறித்துவிட்டால் விட்டுவிடும். சில மணி நேரம் கழித்து வரும் பிடி அதற்கெல்லாம் அசையாது. அந்தக் கெட்டிப் பிடிக்குக் காரணம் ஒரே ஒரு புரதம்தானா, வேறு கைகளும் உண்டா? இந்தக் கேள்வியோடு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அங்கே ஏழு வருடம் உட்கார்ந்திருந்தாள்.

அவளை அவர் ‘டாக்டரம்மா’ என்பார்.

“இன்னும் பட்டமே வாங்கல. ஊரைக் கூட்டாதீங்க அண்ணே.”

“வாங்கினப்புறம் எல்லாரும் கூப்பிடுவாங்க. அதுல எனக்கு என்ன பெருமை?”

அவள் அந்தப் புரதம் இல்லாத செல்களை உண்டாக்கினாள். அவற்றைக் காப்பாற்றி வைப்பது அவர் பொறுப்பு. அதற்கு ஒரு விதி இருந்தது. குடுவையில் தீனி தீருவதே இல்லை. மாதக்கணக்கில் பசியறியாமல் வளர்ந்த செல்கள் ஒட்டும் திறமையை மெல்ல இழந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. நன்றாகவே தின்னும், பெருகும். பட்டினி போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே நான்கு வாரத்துக்கு ஒருமுறை பழைய குடுவையில் ப்ளீச் ஊற்றிக் கொன்றுவிட்டு, ஃப்ரீசரில் உறைந்திருக்கும் குப்பிகளில் ஒன்றைத் திறந்து புதிதாகத் தொடங்க வேண்டும். உறைந்து எழுந்த செல்கள் நோஞ்சான்கள். முதல் ஐந்து நாள் காலையும் மாலையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தேற்ற வேண்டும். திறந்த தேதியைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பக்கத்துக் கூடங்களிலிருந்தும் அவர் பதிவேட்டைப் பார்த்துப் போக வருவார்கள். அவ்வளவு சுத்தம்.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது டாக்டரம்மாவின் சோதனைகள் நடந்த அந்த வருடத்தில். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. பிள்ளை இல்லாத வீடு. “நம்ம கஷ்டத்தை எதுக்கு நாலு பேருக்குப் பந்தி வைக்கணும்?” என்று மனைவியே சொல்லிவிட்டாள். காலை வந்து குடுவைகளைப் பார்த்துவிட்டு, மதியமே “வங்கி வரைக்கும் போறேன்” என்று கிளம்பிவிடுவார். மாலையில் வந்து பார்க்க ஆள் இல்லாமல் புதுக் குப்பியைத் திறந்தால் செல்கள் செத்துப்போகும். பழைய குடுவை நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்தே கொஞ்சம் எடுத்து அடுத்த குடுவையில் விட்டார். பதிவேட்டில் மட்டும் தேதி போட்டுக் ‘குப்பி திறந்தது’ என்று எழுதினார். அடுத்த மாதம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். ஐந்து மாதம் அப்படி எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, புரதம் உள்ள சாதாரணச் செல்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. பக்கத்துக் கூடத்தில் அவற்றைப் புதுப்பிப்பார்கள், அங்கிருந்து வாங்கிக்கொள்வார்.

ஐந்தாம் மாதக் கடைசியில் மனைவி இறந்தாள். அப்போதுதான் ஆய்வுக்கூடத்துக்குச் செய்தி தெரிந்தது. பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பியவர் முதல் காரியமாகப் பழைய குடுவையில் ப்ளீச் ஊற்றிவிட்டுப் புதுக் குப்பியைத் திறந்தார். அதற்குள் டாக்டரம்மா எண்ணி முடித்திருந்தாள். பட்டினி போட்டுக் குலுக்கி, கால்சியத்தைப் பறித்த பிறகு, சாதாரணச் செல்களில் நூற்றுக்கு இருபதுதான் தனியாக நின்றன. புரதம் இல்லாதவற்றில் தொண்ணூற்றாறு. ஒரே புரதம்தான், வேறு கையே கிடையாது என்று அவள் கட்டுரை எழுதினாள். அது வெளியானபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி போன பிறகு முதல் தடவை.

ஒன்றரை வருடம் கழித்து வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் அனுப்பிய அதே செல்களை அவர்கள் சோதித்திருந்தார்கள். ‘எங்களிடம் பாதி ஒட்டுகின்றன’ என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். அவள் பதறிப்போய் அன்றே செல்களைப் பட்டினி போட்டாள். மூன்று நாள், மூன்று தடவை. பாதி ஒட்டின.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் பதிவேட்டை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தேதிகள் வரிசையாக இருந்தன.

“செல்லு பழசானதால இருக்குமோன்னு பாத்தேன். இல்ல. அண்ணன் நோட்டுப் பொய் சொல்லாது. அப்போ பொய் சொல்றது யாரும்மா?”

அவள் எண்ணிக்கைத் தாள்களை எடுத்து நீட்டினாள். அண்ணன் கதவோரம், கழுவிய கண்ணாடித் தட்டோடு நின்றிருந்தார். நடந்ததை அவர் சொல்லவில்லை.

அன்று முதல் ஒன்பது நாள் அவர் வேலைக்கு வந்து போனார். ஒவ்வொரு காலையிலும் சொல்லிவிடுவது என்று கிளம்புவார். சொன்னால் இருபத்தாறு வருடத்துப் பெயர் போகும். அது மட்டுமல்ல, மனைவியின் கடைசி மாதங்களை விசாரணை மேசையில் எடுத்து வைக்க வேண்டும். இரண்டையும் மென்று விழுங்கிக்கொண்டு குடுவைகளைப் பார்ப்பார். அவளோ யாரோடும் பேசாமல் பழைய எண்ணிக்கைகளை மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் அவளே அவரிடம் வந்தாள்.

“நான்தான் தப்பா எண்ணியிருக்கணும் அண்ணே. கட்டுரையை வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். எண்ணும்போது எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. என் கண்ணையே நம்ப முடியல.”

அவர் ஃப்ரீசரைத் திறந்து, உறைபனி படிந்த பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எண்ணுங்க.”

“எதுக்கு?”

“எண்ணுங்க. பதிவேட்டுப்படி பதினொண்ணு இருக்கணும்.”

பதினாறு இருந்தன. அவள் இரண்டு தடவை எண்ணினாள். பிறகு பதிவேட்டைத் திருப்பினாள். எந்த ஐந்து தேதிகள் என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். கடைசித் தேதி அவருடைய மனைவி இறப்பதற்கு ஆறு நாள் முன்பு.

அவள் பதிவேட்டை மூடினாள்.

“அக்காவுக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாயங்காலம் நான் பாத்திருக்க மாட்டேனா? ரெண்டு அறை தள்ளித்தானே அண்ணே உக்காந்திருந்தேன்?”

“தோணல” என்றார் அவர். “யார்கிட்டயும் கேக்கலாம்னே தோணல.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பின்னாளில் அவர் தன் தம்பியிடம் சொன்னார்.

பேராசிரியரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். பெட்டியைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பொய்க் கணக்கு எழுதினாள் என்ற பழி நீங்கியது. கட்டுரை மட்டும் தேறவில்லை. வேறு கைகளும் உண்டு என்று அந்த நாட்டுக்காரர்கள் கண்டது கண்டதுதான். பட்டத்துக்கு இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. அவளுக்குத் தந்திருந்த காலம் அந்த மாதத்தோடு முடிந்தது. ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு ஒத்துக்கொண்டாள்.

போவதற்கு முன் கட்டுரையின் வாபஸ் குறிப்புக்காகக் கடைசியாக ஒருமுறை எண்ண வேண்டியிருந்தது. ஒரு குப்பியைத் திறந்து பன்னிரண்டு நாள் வளர்த்து, பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். வழக்கம்போல அவள் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணிச் சொன்னாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்.

“தனி முப்பத்தொண்ணு.”

எழுதினார்.

“தனி இருபத்தெட்டு.”

எழுதினார்.

ஏழு வருடமும் அவள் கண்ணை எடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள். இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை நிமிர்த்தி, அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தாள். அவளுக்குப் படிக்க வசதியாக அவர் தாளைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.