பல் டாக்டரின் காது

ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்த பல் டாக்டருக்குத் தன் வாயை மூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் பறவை பார்க்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அங்கே இரண்டு வகைக் கதிர்க்குருவிகள் வரும். பார்வைக்கு அச்சு அசலாக ஒன்று. குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒன்று 'ச்வீ' என்று ஒரே இழுப்பாக இழுக்கும். மற்றது 'ச்சி-வீ' என்று நடுவில் இடறும். கூட்டத்தார் அவற்றுக்கு ஒத்தை, ரெட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். மரத்தில் குரல் கேட்டதும் எல்லோரும் டாக்டரைப் பார்ப்பார்கள். அவர் சாவதானமாகத் திரும்பி, பிளாஸ்க்கோடு நிற்கும் மனைவியிடம் ஒரு வாய் காபி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார்.

உண்மையில் அவருக்கு ஒரு மண்ணும் கேட்பதில்லை. காலமெல்லாம் காதோரம் கிறீச்சிட்ட பல் துளைக்கும் மிஷின், உச்சஸ்தாயி மொத்தத்தையும் தின்றுவிட்டது. பேச்சு கேட்கும், மனைவியின் ஏச்சு பிரமாதமாகக் கேட்கும், குருவி மட்டும் கேட்காது. கூட்டத்தில் கேட்பவர்களுக்குப் பிரிக்கத் தெரியாது. பிரிக்கத் தெரிந்தவருக்குக் கேட்காது. இரண்டும் முடிந்தவள் மனைவிதான். அவள் பிளாஸ்க் மூடியை ஒரு தட்டு தட்டினால் ஒத்தை, இரண்டு தட்டினால் ரெட்டை.

அவளுடைய தம்பி, நூல் மில் சூப்பர்வைசர், வெகுநாளாகத் தலைவர் பதவிக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தான். அன்று மூடி ஒரு தட்டு தட்டியது. "ஒத்தை" என்றார் டாக்டர்.

"இல்ல அத்தான், ரெட்டை" என்றான் தம்பி.

அத்தனை பேர் முன்னால் மானம் போயிற்று. இனி யார் பின்னால் நடப்பது என்று கூட்டம் முணுமுணுத்தது. மனைவி கார் ஓட்ட, தம்பி பின்னால் உட்கார்ந்து வர, வழியெல்லாம் டாக்டர் குமுறினார். கடைசியில் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ ஒரு தட்டுதானே தட்டினே?"

பின்சீட்டில் தம்பி நிமிர்ந்தான். "அக்கா, எனக்கு மூக்குக் கண்ணாடிய எறக்கிக் காட்டினியே! அப்படின்னா ரெட்டைதானே?"

டாக்டர் வெடுக்கென்று பின்னால் திரும்பினார்.

"என்னது, இவனுக்குமா?"

"மில்லு சத்தத்துல அவன் காது எப்பவோ அவுட்டு" என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் வாராவாரம் ஒரே பதிலச் சொல்லி எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு. அதான் ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன்."

டாக்டருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ துக்கம்.

"நெஜமா எது?"

"ரெட்டை."

"எப்படி இருந்துச்சு?"

அவள் காரை ஓரம் கட்டி, உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தாள். பாதி காற்று, மீதி எச்சில். குருவி கேட்டிருந்தால் நாடு விட்டே போயிருக்கும். ஆனால் அந்தத் தாழ்ந்த சுருதியில் அவருக்குக் கேட்டது. நடுவில் வரும் அந்த இடறல்கூடக் கேட்டது. எத்தனை வருடமாயிற்று! கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயித்தது தம்பிதான். அது அவன் நினைவிலேயே இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினான்.

"அக்கா, இன்னொரு தடவ."