வீட்டிலும் இங்கிலிஷ் கதையுங்கோ

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது நான் படிப்பித்த இங்கிலிஷ் நேர்சரி. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை இருபத்திரண்டு பிள்ளைகள். அதில் ஒருத்தி கடித்தாள்.

நான்கு வயது. இரட்டைப் பின்னல். ஒரு காலின் சொக்ஸ் எப்போதும் கீழே இறங்கியிருக்கும். ஆளைப் பார்த்தால் எறும்பைக்கூட மிதிக்கமாட்டாள் என்றுதான் நினைப்பீர்கள், ஆனால் கடித்தால் பல் பதியும். ஒரே வாரத்தில் மூன்று பேரைக் கடித்துவிட்டாள். மூன்றாவது பிள்ளையின் கையைப் படம் பிடித்து அதன் தாய் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட, அன்று பின்னேரம் முழுக்க என் போன் ஓயவில்லை. ஒருவர் அழுகிற முகம் போட்டார். இன்னொருவர் ஊசி போட வேண்டுமா என்று கேட்டார். நாய் கடித்தது மாதிரிக் கேட்கிறீர்களே என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

நேர்சரியை நடத்தியவரைப் பெரிய மிஸ் என்போம். பிள்ளைகளைத் தண்டிக்காமல் நல்ல நடத்தையை ஊக்குவிப்பது எப்படி என்று ஒருநாள் பட்டறைக்குப் போய்விட்டு, சுவரில் மாட்ட ஓர் அட்டவணையோடு வந்திருந்தார். நல்ல பிள்ளைக்கு ஒரு மஞ்சள் சிரித்த முகம் ஒட்டவேண்டும். அதுவரைக்கும் நல்லதுதான். ஒட்டிய முகத்தைப் பிள்ளையின் கண் முன்னாலேயே பிய்த்தெடுக்கும் முறையை அவர் தானாகவே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டார். அடித்தால் ஒரு முகம் போகும். வகுப்பில் தமிழில் ஒரு சொல் கதைத்தாலும் ஒரு முகம் போகும். இரண்டும் அவருக்கு ஒரே கணக்கு.

கடித்த பிள்ளையின் வரிசையில் ஒரு முகமும் மிஞ்சவில்லை.

"இந்தத் தவணை முடியிறதுக்குள்ள திருந்தாட்டி, தாயை வேற இடம் பாக்கச் சொல்லுங்கோ" என்றார் பெரிய மிஸ்.

"நாலு வயசுப் பிள்ளை, மிஸ்."

"கடி வாங்கினதுகளுக்கும் நாலு வயசுதான்."

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் மேல் பாதி, கடிப்பதை நிறுத்தத் தெரியாத என் மேல் பாதி.

இரண்டு கிழமை அவளையே கவனித்து, கடித்த நேரங்களை வரவு இடாப்பின் பின்பக்கத்தில் குறித்தேன். பாட்டு நேரத்தில் கடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் இல்லை. கட்டை அடுக்கி விளையாடும்போது யாராவது அவள் கையிலிருந்ததைப் பறித்தால் மட்டும் கடித்தாள். அதற்கு முன் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தாள். திறந்து, சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்து, மூடினாள். பிறகுதான் பல்.

தாயைக் கூப்பிட்டேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்கள். தகப்பன் காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். தாய் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"வீட்டில பிள்ளை நல்லாக் கதைக்கிறவளோ?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் வாயே மூடாது மிஸ். இப்ப ஒன்னும் பேச மாட்டேங்குறா."

"நீங்கள் அவளோட கதைக்கிறேல்லையோ?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதானே மிஸ் சொன்னீங்க, வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசச் சொல்லி? எனக்கு கம், ஈட், பாத், ஸ்லீப், அவ்ளோதான் தெரியும். அத மட்டும் சொல்லுவேன். மத்த நேரம் இங்கிலீஷ் கார்ட்டூன் போட்டு விட்ருவேன்."

"எவ்வளவு நாளா?"

"சேத்ததுலேருந்து, மிஸ். ஏழு மாசம்."

சொன்னது நான்தான். பிள்ளையைச் சேர்க்க வரும் எல்லாரிடமும் அதைச் சொல்வேன். 'வீட்டிலயும் இங்கிலிஷ் கதையுங்கோ, அப்பதான் பிள்ளை கெதியாப் பிடிக்கும்.' டொக்டர்களும் கணக்காளர்களும் தலையாட்டிவிட்டுப் போய், வீட்டில் வழக்கம்போலத் தமிழில் கத்தி, தமிழில் கொஞ்சினார்கள். இந்த ஒரு மனுசி மட்டும் என் பேச்சை அப்படியே கேட்டிருக்கிறார். ஏழு மாதம் தன் பிள்ளையோடு நான்கு சொல்லில் வாழ்ந்திருக்கிறார்.

"இண்டைக்கே தமிழில கதைக்கத் தொடங்குங்கோ. கதை சொல்லுங்கோ, பேசுங்கோ, ஏசுங்கோ, என்னெண்டாலும் தமிழில" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் பிழையால்தான் இப்படி ஆனது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மிஸ் என்றால் பிழைவிடாத ஆள் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து விளையாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டேன். யாராவது பறித்தால் காதுக்குள், "குடு எண்டு கேள்" என்பேன். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள், பறித்த பொடியனைப் பார்த்து, "குடு! நான்தான் மொதல்ல எடுத்தேன்!" என்று கத்தினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் பயந்துபோய்க் கட்டையைத் திருப்பிக் கொடுத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த பெரிய மிஸ் பிய்க்க ஒரு முகம் தேடினார். பிய்க்கத்தான் ஒன்றும் இல்லையே.

"அவள் கடிக்கேல்லை, மிஸ். வாயால கேட்டவள்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"பெற்றோர் இங்கிலிஷுக்குத்தான் இஞ்ச விடுகினம்."

"கேக்கத் தெரியாட்டி எந்தப் பாஷையிலயும் கடிக்கத்தான் செய்வாள்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஆனால் அதற்குப் பிறகு கடி ஒன்றும் விழவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். பிள்ளையை நிறுத்துகிற கதையைப் பெரிய மிஸ் விட்டுவிட்டார். பிள்ளை, கடலோரமாக ரயில் போகும்போது ஜன்னலில் ஏறி நின்று பெட்டிகளைத் தமிழில் எண்ணினாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

தவணை முடிகிற கிழமை தாய் வந்து விலகல் கடிதம் கேட்டார்.

"ஏன்? பிள்ளை இப்ப எவ்வளவு நல்லா இருக்கிறாள்!"

"மத்த புள்ளைங்களுக்கெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லிக் குடுக்குறீங்க. எங்க புள்ளைக்கு மட்டும் தமிழாம். அவளே வந்து சொன்னா." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இவளுக்கு இங்கிலீஷ் வராதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, மிஸ். தோட்டத்து ஆளுங்க புள்ளைன்னுதானே?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சொன்னதுதான் பிழை என்றேன், அந்தப் பிழை என்னுடையது என்றேன், தாய் கதைக்கிற பாஷையில்தான் பிள்ளை முதலில் நிமிரும் என்றேன். இடாப்பைத் திறந்துகூடக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னர் அவரைக் கெடுத்த ஆலோசனையை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியவர், இப்போது சொல்வதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

"கொட்டாஞ்சேனையில தங்கச்சி வூட்டுப் பக்கம் ஒரு ஸ்கூல் இருக்கு, மிஸ். அங்க தமிழ் வாயில எடுக்கவே விட மாட்டாங்களாம். வீட்லயும் திரும்ப இங்கிலீஷ்தான்."

கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். வாசலில் தாய் பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, "சே பை டு மிஸ்" என்றார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தமிழில் ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தாயைப் பார்த்து மூடினாள்.

"பை, மிஸ்."

இப்போது பாருங்கள் என்பதுபோலத் தாய் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்து, "வெரி குட்" என்றேன்.